எடை கூடிய விமானமும் இறக்கிவிட்ட பயணியும்

விமான நிலையத்தில் அவளை எல்லாரும் எடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை மட்டும் கேள்விப்பட்டு, மனதுக்குள் ஓர் உருவத்தை வரைந்துகொண்டு அவளைத் தேடி வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மெலிந்த பெண். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும்போது, பையே தனியாக வேலைக்கு வருவதுபோல இருக்கும்.

அவள் வேலை, புறப்படும் ஒவ்வொரு விமானத்தின் எடையையும் கணக்குப் போடுவது. வெறும் விமானம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர், பெட்டிகள் எவ்வளவு, சரக்கு எவ்வளவு, அதில் எது முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் அச்சடித்து விமானிக்கு அனுப்புவாள். அந்த எடையையும் அன்றைய வெயிலையும் காற்றையும் வைத்துத்தான் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்று விமானி முடிவு செய்வார். எடை தவறினால் வேகம் தவறும். வேகம் தவறினால் என்ன ஆகும் என்பதை அவளுடைய பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். அன்று யாரும் மதியம் சாப்பிடவில்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சரக்குக் கிடங்குக்குப் பின்னால், ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்த சிறிய அறை. விமானங்களை அவள் காதால்தான் வழியனுப்புவாள். இரைச்சல் ஏறும், உச்சத்துக்குப் போகும், மெல்லத் தேயும். தேய்ந்ததும் அடுத்த விமானத்தின் தாளை எடுப்பாள்.

கணக்கில் ஒரு வசதி உண்டு. ஏறுகிற ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்த முடியாது என்பதால், பெரியவர் என்றால் எண்பத்து நான்கு கிலோ என்று கம்பெனியே ஒரு சராசரியை வைத்திருந்தது. கைப்பை, செருப்பு எல்லாம் அதில் அடக்கம். சிலர் கூட இருப்பார்கள், சிலர் குறைய இருப்பார்கள், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்பது ஏற்பாடு. எண்பத்து நான்கு கிலோவுக்குச் சரியாக இருக்கும் ஓர் ஆளை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த ஆளை நம்பித்தான் பல வருடங்களாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய சின்ன மகள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கும் எடைதான் தொழில் என்பதால் சாப்பிடும்போது இருவருக்கும் முட்டிக்கொள்ளும். லிஃப்டில் எடை கூடினால் மணி அடிக்கும், கடைசியாக ஏறியவர் அசடு வழிந்துகொண்டே இறங்கிவிடுவார், விஷயம் அத்தோடு முடிந்தது, உங்கள் விமானத்தில் அப்படி ஒரு மணி உண்டா என்று அண்ணன் கேட்பான். அந்த மணி நான்தான் என்பாள் அவள். அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாய் என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அம்மாவின் கவலை வேறு. மகளுக்கு முப்பத்தாறு வயது முடிந்துவிட்டது. வந்த வரன்களில் ஒருவரையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கேட்டால், இன்னும் கணக்குப் பார்க்கவில்லை என்று நழுவிவிடுவாள். ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து, தன் சம்பளம், தன் உயரம், தன் வயது என்று வரிசையாகச் சொன்னார். மூன்றையும் கொஞ்சம் தாராளமாகவே சொன்னார். அவர் போனதும் எடையக்கா அண்ணியிடம், உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் பொய் என்றாள். அண்ணி அவளுக்குத் தோழி மாதிரி. ஐந்து சென்டிமீட்டர்தானே, விட்டுவிடக் கூடாதா என்றாள். வேலையில் விட்டுப் பழக்கமில்லை என்று இவள் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுபோனது.

அந்தக் கோடையில் ஊரில் பளுதூக்கும் போட்டி ஒன்று நடந்தது. அது முடிந்த மறுநாள் மதியம், செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் எடையக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வந்து பாத்துட்டுப் போங்க."

"என்ன?"

"கியூ நிக்குது. ஆனா எப்பவும் நிக்கிற மாதிரி இல்ல."

எடையக்கா போய்ப் பார்த்தாள். கவுண்டருக்கு முன்னால் வரிசை, எப்போதும் இருக்கும் நீளம்தான். அகலம்தான் வேறு. ஒரே நிற சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் முப்பத்தெட்டு பேர், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எல்லை இல்லாதவர்கள், கைகளை உடம்போடு ஒட்டி வைக்க முடியாமல் சற்று விரித்தபடி அமைதியாக நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் அவர்கள் ஒவ்வொருவரையும் எண்பத்து நான்கு கிலோ என்று பதிந்துகொண்டிருந்தது.

சின்ன ஜெட் விமானம், எழுபத்தாறு இருக்கை, ஒன்றுகூடக் காலி இல்லை. அந்த நிலையத்தின் ஓடுபாதை குட்டை. அது முடிந்து கொஞ்ச தூரத்தில் ஒரு குன்று உட்கார்ந்திருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். கோடை மதியங்களில் அந்த ஓடுபாதைக்கு இவ்வளவு எடைதான் என்று ஒரு வரம்பு உண்டு. அன்றைய கணக்கு அந்த வரம்பில் ஏற்கெனவே தலை முட்டிக்கொண்டு நின்றது.

அவள் நிலைய மேலாளரிடம் போனாள். மேலாளர் விவரமானவர், நல்லவரும்கூட. விமானம் தாமதமாவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. விஷயத்தைக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இதற்குச் சுலபமான வழி இருக்கிறது என்றார். பளு தூக்குபவர்களுக்குப் போட்டியில் எடை பார்த்துத்தானே பிரிவு பிரிக்கிறார்கள், அந்த விவரம் பயிற்சியாளரிடம் இருக்குமே. நல்ல யோசனைதான். பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள். அவரும் போனைத் திறந்து முப்பத்தெட்டு பேரின் எடையையும் காட்டினார்.

எடையக்கா பார்த்துவிட்டு, "இது எப்ப எடுத்தது சார்?" என்று கேட்டாள்.

"அவங்கவங்க போட்டி அன்னிக்குக் காலைல."

"அதுக்கப்புறம்?"

பயிற்சியாளர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் சாப்பிட்டாங்க," என்றார்.

மேலே விசாரித்தபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். பிரிவுக்குள் அடங்குவதற்காக இவர்கள் ஒரு வாரம் பட்டினி கிடப்பார்கள். கடைசி நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு வியர்ப்பார்கள். எடை பார்த்து, தூக்கி முடித்த நிமிடத்திலிருந்து விட்டதைப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். நேற்று விடுதிச் சமையலறையை மாலையிலேயே மூடிவிட்டார்களாம். அவர்களாக மூடவில்லை, மூட வேண்டியதாகிவிட்டது.

எடையக்கா விமானியிடம் போனில் பேசினாள். அன்று கேப்டனாக வந்திருந்தவர் ஓர் அம்மா. ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடை போடுங்க. நான் காத்திருக்கேன்," என்று வைத்துவிட்டார். மேலாளர் போய்ப் பலகையில் புறப்படும் நேரத்தை மாற்றச் சொன்னார்.

பெட்டிகளை வைக்கும் கவுண்டர் தராசிலேயே ஆட்களை நிறுத்தினார்கள். எடையக்கா முதலில் செய்த காரியம், எண் தெரியும் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பியதுதான். தான் மட்டும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள். யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இரண்டு மூன்று பெண்கள் முதலில் தயங்கினார்கள், இதைப் பார்த்ததும் ஏறினார்கள். ஒவ்வொருவரும் ஏறும்போது தாமாகவே ஓர் எண்ணைச் சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணும் தராசைவிட நான்கைந்து கிலோ குறைவாக இருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசியாக வந்தவனைக் குழுவில் பொடியன் என்று கூப்பிட்டார்கள். அவன் ஏறியதும் தராசின் தகரம் கிறீச்சிட்டது. நாற்பது வயதை நெருங்கும் ஆள், முன்மண்டையில் முடி இல்லை, முகத்தில் அவசரம் இல்லை.

"நூத்தி நாப்பத்தெட்டு," என்றான்.

தராசும் நூற்று நாற்பத்தெட்டு என்றது. எடையக்கா அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் தூக்கும் பிரிவுக்குக் கீழ்வரம்பு மட்டும்தான் உண்டு, மேலே வானம்தான் எல்லை. ஆகையால் அவனுக்குப் பட்டினியும் இல்லை, பொய்யும் இல்லை. இதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டாள். அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஓர் ஆள் ஓர் எண்ணைச் சொல்கிறான், அந்த எண் சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான். இப்படி ஒன்று அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை.

கூட்டிப் பார்த்ததில் ஆயிரத்து நூறு கிலோ கூடுதல். சரக்கில் இருந்த செருப்பு அடிப்பாகங்கள் அறுநூற்றுப் பத்து கிலோவையும் இறக்கினார்கள். குழுவின் பெட்டிகளில் அவசரமில்லாதவை முந்நூற்றைம்பது கிலோ, அவற்றையும் மறுநாளைக்கு ஒதுக்கினார்கள். மிச்சம் நூற்று நாற்பது. எரிபொருளில் கை வைக்க முடியாது. வெயில் தணியும்வரை காத்திருந்தால் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிடும். இனி ஆள்தான் இறங்க வேண்டும்.

கடைசியாகப் பதிந்தவர் முதலில் இறங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கடைசியாகப் பதிந்தவர்கள் வயதான ஒரு தம்பதி. மகளுக்குப் பிரசவம் என்று போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரையும் இறக்கினால் கணக்கில் நூற்று அறுபத்தெட்டு கிலோ குறையும், தாராளமாகப் போதும். ஆனால் நேரில் பார்த்தால் இருவரும் சேர்ந்தே நூறைத் தொடுவார்களா என்பது சந்தேகம். ஒரு வரிசைக்குச் சராசரியை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்கு மட்டும் அதை நம்ப எடையக்காவுக்கு மனம் வரவில்லை. நேர்மையாகப் பார்த்தால் அந்தத் தம்பதியோடு மூன்றாவதாக இன்னொருவரும் இறங்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னாள். மூன்றாவதாக வந்தவர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் ஒரு பெண். மேலாளர் மூன்று பேரையும் பார்த்தார்.

பொடியன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். காது கொடுத்துக் கேட்கும் எண்ணமில்லாமலேயே எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் ஒருத்தன் இறங்கினா போதுமா?" என்று கேட்டான்.

"போதும். எட்டு கிலோ மிச்சமும் ஆகும்," என்றாள் எடையக்கா.

"அப்ப அந்த எட்டுக்கு எங்க கோச்சோட கப்பை ஏத்திக்குங்க. அது இல்லாம அவர் வீட்டுக்குப் போகமாட்டார்."

கோப்பை ஏறியது. ஆறு கிலோ எழுநூறு கிராம்.

விமானம் புறப்படும்போது எடையக்கா அறைக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால், இறக்கிவிட்ட பயணியைத் தனியாக விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்று சொல்லியிருப்பாள். கிடங்கின் பக்கத்துக் கம்பிவேலியருகே இருவரும் நின்றார்கள். ஓடுபாதையின் தொடக்கத்தில் விமானம் திரும்பி நின்று, இரைச்சலைக் கூட்டி, பிரேக்கை விட்டது. முதலில் அது ஓடுவதாகவே தெரியவில்லை, சோம்பலாக நகர்ந்தது. பிறகு வேகம் பிடித்தது. பாதியைத் தாண்டியது. இன்னும் தரையில்தான் இருந்தது. தார்மீது கானல் நெளிந்து, சக்கரங்கள் தண்ணீரில் ஓடுவதுபோலத் தெரிந்தன. பொடியன் தன்னையறியாமல் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டான். பளு தூக்கும்போது செய்வதுதான். மூக்கு மேலே எழுந்தது, ஒரு கணம் பின்சக்கரங்கள் மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன, அப்புறம் அவையும் விட்டன. குன்றுக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு விமானம் போனது.

அவன் மூச்சை விட்டான். நாங்களெல்லாம் அப்படியே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான்.

அவள் அலங்காரமில்லாமல் சொன்னாள். அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. விமானத்தைத் தூக்குவது இறக்கைமேல் ஓடும் காற்று. எடை கூடினால் காற்று இன்னும் வேகமாக ஓட வேண்டும், அதற்கு விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஆயிரத்து நூறு கிலோவுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது மணிக்கு நாலு கிலோமீட்டர்கூட இருக்காது.

"நாலு கிலோமீட்டரா? அது நான் நடக்கிற வேகம்."

"ஆமா. ஆனா ஏற்கெனவே எரநூத்தி நாப்பதுல ஓடிக்கிட்டிருக்கும்போது அந்த நாலைக் கூட்டறதுக்கு ரன்வேல இன்னும் நூறு மீட்டர் வேணும். கனத்த விமானம் வேகம் எடுக்கறதும் மெதுவாத்தான். ரெண்டு பக்கமும் அடி."

"நூறு மீட்டர் இருக்கே."

"இருக்கு. ஒரு எஞ்சின் நின்னுபோனா அதைத்தான் சாப்பிடும். அன்னிக்கு அது மிச்சம் இருக்கணும்."

அநேகமாக என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாள். பொடியன் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு நேர்மாறு என்றான். கம்பியில் எடை கூடக் கூட அது மேலே வரும் வேகம் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். நிற்பதற்குள் அதற்கு அடியில் போய் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். விமானத்துக்கு அடியில் போய் உட்கார யாரும் இல்லையே என்றான். இல்லை என்று ஒப்புக்கொண்டாள். இதை அவள் அதற்குமுன் அப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

கம்பெனி அவனுக்கு எதிர்ச்சாரி விடுதியில் அறை போட்டுக் கொடுத்தது. மறுநாள் மதிய விமானத்தில் அனுப்பிவிடலாம் என்பது திட்டம். மறுநாள் வெயில் இன்னும் இரண்டு டிகிரி ஏறியது. விமானம் நிறைந்திருந்தது, நேற்று விட்டுப்போன பெட்டிகளும் காத்திருந்தன. எடையக்கா கணக்குப் போட்டாள். நூற்று நாற்பத்தெட்டு கிலோவுக்கு இடமில்லை.

விடையைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைக் கண்டு அவள் பயந்துபோனாள். தனக்குப் பிடித்த விடை கணக்கில் வந்தால் அந்தக் கணக்கைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவள் வழக்கம். முதலிலிருந்து இன்னொருமுறை போட்டாள். அப்போதும் இடமில்லை. அதுவும் போதாமல், அடுத்த ஷிப்ட் பார்க்கும் சக ஊழியரை வீட்டிலிருந்து சீக்கிரம் வரவழைத்து, தன் தாளைக் காட்டாமல் அவரைத் தனியாகப் போடச் சொன்னாள். அவருக்கும் அதே விடைதான் வந்தது.

"சரியாத்தான் இருக்கு. எதுக்கு என்னையும் போடச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சும்மா," என்றாள் எடையக்கா.

அவர் மாலை வரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொடியன் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. விடுதியில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், ஊழியர் கேன்டீனுக்கு வந்தான். போட்டி இல்லாத நாட்களில் அவனுக்குத் தொழில் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது. கேன்டீன் ஃபிரிட்ஜ் பல மாதமாகப் பாலைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டிருந்தது. அதை ஒற்றைக் கையால் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் ஓட வைத்தான். கேன்டீன்காரர் கண்கலங்கிவிட்டார். அன்று மாலை டீ குடிக்கப் போன எடையக்காவுக்கு, பல மாதங்களுக்குப் பிறகு திரியாத பாலில் டீ கிடைத்தது. யார் சரிசெய்தது என்று கேட்டாள். கேன்டீன்காரர் மூலையைக் காட்டினார். மூலை முழுக்கப் பொடியன் இருந்தான்.

இரண்டு பேரும் இரண்டு டீ நேரத்துக்குப் பேசினார்கள். அவனுக்கு ஊரில் ஓர் அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். பெண் பார்க்கப் போன இடங்களில் முதலில் நாற்காலியைப் பார்ப்பார்கள், அப்புறம் தன்னைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்றான். இதை அவன் வருத்தமாகவும் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். எடையக்கா தன் டீயைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இருநூறு கிலோ தாங்கும், நான் விசாரித்திருக்கிறேன் என்றாள். அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததிலேயே மிக நெருக்கமான வாக்கியம் அதுதான்.

அதற்கடுத்த நாள் காலையில் ஒரு விமானம் இருந்தது. காலையில் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், வரம்பும் உயரும். இருக்கைகளும் பாதிதான் நிறைந்திருந்தன. கணக்கு ஒரு தடவையில் முடிந்தது, அவனுக்கு இடம் இருந்தது. இந்தமுறை அவள் யாரையும் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போய் அவனை ஏற்றிவிட்டாள். அவன் கை கொடுத்தான். அவள் கை அந்தக் கைக்குள் எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். முழுக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் ஒரு பயணியை இறக்கிவிட வேண்டியிருந்தது என்று மட்டும் சொன்னாள். அண்ணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே இறக்கினாயா என்று கேட்டாள். முதல் நாள் அவனாக இறங்கினான், இரண்டாம் நாள் வெப்பநிலை என்றாள். மூன்றாம் நாள்? மூன்றாம் நாள் நானே அனுப்பிவிட்டேன். அண்ணி மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நீ செய்த கணக்கிலேயே அதுதான் தப்பு என்றாள்.

அடுத்த சில வாரங்கள் எடையக்காவுக்கு வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் டீ மட்டும் இறங்கவில்லை. போன் எண்ணை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. பயணியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. அது பயணியின் விவரம், தன் விவரம் அல்ல என்று எடுக்காமல் விட்டாள். ஒருநாள் மதியம், கவுண்டர் பெண்ணிடமிருந்து போன் வந்தது. உங்களைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், வாசலில் வெளிச்சம் குறைந்துவிட்டது என்றாள்.

பொடியன் நின்றிருந்தான். கசங்கிய சட்டை, தோளில் பை, கண்ணில் தூக்கம்.

"இன்னும் மதிய விமானமே வரலையே," என்றாள் எடையக்கா.

"பஸ்ல வந்தேன். பதினாலு மணி நேரம்."

"ஏன் பஸ்?"

"விமானத்துல வந்திருந்தா, திரும்பிப் போறப்ப நீங்கதான் கணக்குப் போடணும். உங்களைத் தர்மசங்கடத்துல மாட்டி வைக்க வேணாம்னு பார்த்தேன்."

தான் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். வாசலில் நின்று பேசும் பேச்சில்லை இது என்று அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். கேன்டீன்காரர் ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மற்ற மேசைகளையும் ஒன்றுவிடாமல் துடைத்தபடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு மருமகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தன் காதுக்குத் தகுந்த குரலில் ரகசியம் கேட்டாள்.

"ரெண்டு பேரும் உக்காந்தா நம்ம சோபா தாங்குமா?"

"தாங்கலைன்னா சோபாவை மாத்திக்கலாம் அத்தை," என்றாள் அண்ணி.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் இரண்டும் தெளிவாகக் கேட்டது. பொடியன் எழுந்து தரையில் உட்கார்ந்தான். எடையக்காவும் எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது சோபா காலியாக இருந்தது. ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து தரையிலேயே வைத்தாள். அண்ணன் மட்டும் தன் பங்குக்கு, எங்கள் லிஃப்டில் நீங்கள் இரண்டு ஆள் கணக்கு என்றான். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கல்யாணம் ஆகி, பொடியன் இந்த ஊரிலேயே ஒரு ஃபிரிட்ஜ் கடை போட்டான். மாடிப்படியில் ஃபிரிட்ஜைத் தனியாளாகத் தூக்கிப் போகும் மெக்கானிக் என்ற செய்தி பரவிக் கடை நன்றாக ஓடியது. பழுது இல்லாத ஃபிரிட்ஜையும் வேடிக்கை பார்ப்பதற்காகச் சிலர் இடம் மாற்றச் சொன்னார்கள். இன்னும் இரண்டு போட்டிகளில் தூக்கினான். இரண்டாவதில் முழங்கால் விட்டுப்போனது. மேடையில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, நொண்டிக்கொண்டே இறங்கினான். அன்று எடையக்கா பார்வையாளர் வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன், அடியில் போய் உட்காரக் கால் ஒத்துழைக்கவில்லை என்றான். அவள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வாரக்கணக்கில் கொடுத்தாள். குழந்தை இல்லை என்பதையும் இருவரும் அந்த வருடங்களில்தான் மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு எந்த ஒத்தடமும் இல்லை.

மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். பொடியன் குறைத்தான். நாற்பத்தைந்து கிலோ இறங்கியது. பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு நின்றால் வேறு யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. எடையக்காவுக்கு முதல் சில மாதங்கள் அவன் பக்கத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. மெத்தை முன்போல ஒரு பக்கம் சாயவில்லை, அவள் தன் இடத்திலேயே கிடக்க வேண்டியிருந்தது. இதை வெளியே சொல்ல முடியாது என்பதால் தலையணையை மாற்ற வேண்டும் என்று சொல்லி மாற்றினாள்.

விமான நிலையத்திலும் காலம் சும்மா இருக்கவில்லை. ஓடுபாதையை நீட்டினார்கள், குன்றின் தலையைக் கொஞ்சம் சீவினார்கள். கோடை மதியங்களில் ஆட்களை இறக்க வேண்டிய தேவை அபூர்வமாகிவிட்டது. கம்பெனி சராசரியையும் இரண்டு கிலோ ஏற்றியது. ஊரே கொஞ்சம் தடித்திருந்தது.

போன வருடம் அண்ணியின் மகளுக்கு வேறு ஊரில் கல்யாணம். இருவரும் விமானத்தில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் விமான நிலையத்தில், முன்வரிசைகளில் உட்கார்ந்த பிறகு கையில் எடைக் கணக்குத் தாளோடு ஓர் இளம்பெண் உள்ளே வந்து, நான்கைந்து பேரைப் பின்வரிசைக்கு மாறி உட்காரும்படிக் கேட்டுக்கொண்டாள். சிலர் முணுமுணுத்தார்கள். பின்னால் இவ்வளவு இடம் காலியாக இருக்க எங்களை மட்டும் ஏன் எழுப்புகிறாய் என்று ஒருவர் சண்டைக்குப் போனார். முன்பக்கம் கனம் கூடிவிட்டது என்று புரிந்துகொண்ட எடையக்கா, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நீ யார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லேன் என்று பொடியன் கிசுகிசுத்தான். பேசாமல் வா என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

விமானம் ஓடியது. வேகம் எடுத்தது, தரை அதிர்வது நின்றது, ஊர் சாய்ந்து கீழே போனது. பொடியன் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொழில் தெரிந்தவளிடம் கேட்போமே என்று திரும்பினான்.

"எப்படி? பைலட் சரியான இடத்துலதான் மூக்கைத் தூக்கினானா?"

"தெரியல," என்றாள் எடையக்கா. "விமானத்துல ஏறினா நான் எப்பவும் கண்ணை இறுக்கி மூடிப்பேன்."

அவள் கை அவன் முழங்கையைப் பிடித்திருந்தது. விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.